படையலுக்கு வராத காக்கை

எட்டாம் வகுப்புக்கு இருபத்து மூன்று வருடமாக அறிவியல் எடுக்கிறேன். ஊர்வன, பறப்பன, நீந்துவன பற்றி வேறொருவர் எனக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு. போன ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்தத் திமிர் உச்சத்துக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு இறங்கியது. நடுவில் நடந்ததை என் மனைவி சொந்தக்காரர்களிடம் தன் பாணியில் சொல்லி வருவதால், நானே எழுதிவிடுவது நல்லது.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன என்று சொல்ல வேண்டும். அப்பா இறந்து ஒரு வருடம் நிறைந்த நாள். எங்கள் பக்கம் வருடம் திரும்பும்போது, போனவருக்கு எது பிடிக்குமோ அதைச் சமைத்துப் படையல் போடுவோம். முதல் உருண்டை காக்கைக்கு. காக்கை வந்து எடுத்தால் அவர் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இலையில் கைவைக்கலாம். எல்லா வீட்டிலும் இருப்பதுதான். எங்கள் வீட்டில் கூடவே ஒரு பாரமும் இருந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்தக்கொதிப்பும் உண்டு. கடைசி நாள் இரவுச் சாப்பாட்டுக்கு எலும்புக் குழம்பு கேட்டார். அம்மா கோதுமை ரவை உப்புமாவைக் கிண்டி வைத்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா சொன்னது ஒன்றுதான். "பட்டினியாப் போயிட்டாரு மனுசன். எம்மேல கோவமாப் போயிட்டாரு."

வருடம் திரும்பும்வரை வீட்டில் கறி எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அவருக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. எந்த வியாதியும் இல்லாத நான் ஒரு வருடம் சாம்பாரில் கிடந்தேன். படையலில் எலும்புக் குழம்பு வைத்து, அதைக் காக்கை எடுத்துவிட்டால், அவர் கோபம் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்குவேன் என்றாள். இது அவளே வாய்விட்டுச் சொன்னது. நானாக ஊகித்ததல்ல.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

நாகமலைப் பக்கம் எங்கள் வீடு. பின்னால் ஒரு வேம்பு, ஒரு கொய்யா, ஒரு கறிவேப்பிலை, ஒரு துவைக்கிற கல். இதை நான் தோட்டம் என்பேன். அன்று வாயில் பிரஷ்ஷோடு போனபோது கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் ஒரு காக்கைக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. உடம்பு முழுக்க இறகு இருந்தது. வால் மட்டும் முக்கால்வாசிதான் முளைத்திருந்தது. வாயோரம் இளஞ்சிவப்பு இன்னும் மாறவில்லை. நான் பக்கத்தில் போயும் ஓடவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அடுத்த வீட்டுப் பூனை மதில் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்தது. போதாதா எனக்கு? உயிரைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்துவிட்டதாக நினைத்தேன்.

சமையலறை ஜன்னலில் இருந்து மனைவி சொன்னாள். "அத எதுக்குத் தொடுறீங்க? அதோட ஆத்தாளும் அப்பனும் மேலதான உக்காந்திருக்கு."

"கூட்டுல இருந்து விழுந்திருச்சு. பூன தூக்கிட்டுப் போயிரும்."

"விழுந்த குஞ்சு மாதிரி தெரியல. திருவிழாவுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கு."

அறிவியலில் அவளுக்கு ஆர்வம் கிடையாது என்பதால் பதில் சொல்லாமல் துண்டைப் போட்டுக் குஞ்சைப் பிடித்தேன். பிடித்ததும் அது கத்தியது. கத்தியதும் வேப்ப மரத்தில் இருந்து இரண்டு காக்கைகள் இறங்கின. ஒன்று என் உச்சந்தலையில் அடித்தது. இன்னொன்று அதே இடத்தைத் தேடிப் பார்த்து அடித்தது. அந்த இடத்தில் முடி இல்லாததால் தேடுவது சுலபம். பிரஷ்ஷை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

மாடியில் ஒரு குளியலறை இருக்கிறது. விருந்தாளி வந்தால்தான் திறப்போம். அழுக்குத் துணிக் கூடையைக் காலி செய்து, அடியில் பழைய லுங்கியை விரித்துக் குஞ்சை உள்ளே வைத்தேன். மாடியில் வைத்ததற்குக் காரணம் அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏறமாட்டாள். காக்கை வீட்டுக்குள் வந்தால் சனியே காலெடுத்து வைத்ததாக எடுத்துக்கொள்கிறவள். படையல் நெருங்குகிற நேரத்தில் அவளைக் கலக்க வேண்டாம் என்று, மனைவியிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்தேன்.

"வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்க" என்றாள். "எனக்கென்ன வந்துச்சு."

வளர்ப்பது எப்படி என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த வீடியோவிலும் முதல் இரண்டு நிமிடம் வளவளவென்று பேசுவார்கள் என்பதால் அதைத் தள்ளிவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அப்படியே தள்ளிவிட்டு, என்ன ஊட்டுவது என்ற இடத்தில் நிறுத்தினேன். அவித்த முட்டை, உப்பில்லாமல். ஊறவைத்த பருப்பு, உப்பில்லாமல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மனைவி புருவம் எடுக்கிற சிறு இடுக்கியால் முட்டையைக் கொடுத்தேன். குஞ்சு கண்ணை மூடி, தொண்டை தெரிகிற மாதிரி வாயைத் திறந்து, விழுங்கியது. உடனே மறுபடியும் திறந்தது. எட்டாம் வகுப்பில் ஒருவனும் நான் சொல்வதை இத்தனை ஆவலோடு விழுங்கியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவி அதற்குப் பிறகு அந்த இடுக்கியைத் தொடவே இல்லை.

சனிக்கிழமை பொழுது விடிவதற்குள் குஞ்சு எங்களை எழுப்பிவிட்டது. அது கத்த, குளியலறை வெண்டிலேட்டருக்கு வெளியே பெரியவை இரண்டும் பதிலுக்குக் கத்தின. நான் இறங்கிச் சமையலறைக்கு வந்ததும் முன்னறையில் இருந்து அம்மா கேட்டாள். "மாடியில என்னப்பா சத்தம்?"

"குழாயில காத்து அடைச்சிருக்கும்மா."

"காத்து காக்கா மாதிரியா கத்தும்?"

"பழைய குழாய்."

மனைவி அந்தப் பக்கம் திரும்பி இட்லிச் சட்டியைக் கழுவ ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கழுவிய சட்டி.

பால் வாங்கக் கதவைத் திறந்தால் காக்கை தயாராக இருந்தது. மனைவி போனால் ஒன்றும் செய்வதில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்தாலும் ஒன்றும் செய்வதில்லை. நான் தலையை நீட்டினால் மட்டும் அடி. காக்கைகள் மனித முகத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதை அவை இத்தனை சரியாகச் செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை. சட்டையை மாற்றிப் பார்த்தேன். குடை பிடித்துப் பார்த்தேன். கடைசியில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நடந்தே போய்ப் பால் வாங்கினேன். கடைக்காரர் வண்டி எங்கே என்று கேட்டார். சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றேன்.

"சனிக்கிழம அதுவுமா காக்கா தலையில அடிச்சிருக்கு" என்றாள் மனைவி. "கோயில்ல எள்ளு வெளக்கு ஒண்ணு போட்டுட்டு வாங்க."

"நான் சயின்ஸ் வாத்தியாரு. எனக்கு அதுல நம்பிக்க இல்ல."

அன்று சாயங்காலம் நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில்தான் கோயில் இருந்தது. விளக்கும் அங்கேயே விற்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அன்று காலையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டிய ஒன்று நடந்தது. அம்மா தினமும் துவைக்கிற கல் மேல் ஒரு பிடி சோறு வைப்பாள். வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பத்துப் பன்னிரண்டு காக்கை வந்து மோதும். அன்று பத்து மணிக்கு அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சோறு காய்ந்து கிடந்தது. முந்தின நாள் சோறும் ஓரத்தில் அப்படியே இருந்தது.

"ரெண்டு நாளா ஒண்ணு கூட வரல. நாளைக்கும் இப்பிடி வராமப் போச்சுன்னா என்னப்பா செய்ய?"

"வரும்மா. வெயில் அதிகம், அதான்."

"எந்த வருசம் வெயில் இல்லாம இருந்துச்சு?" என்றாள். எனக்கு முட்டை நேரம் ஆகிவிட்டதால் மாடிக்குப் போய்விட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த வீடியோவை முதலில் இருந்து பார்த்தேன். நான் தள்ளிவிட்ட இரண்டு நிமிடத்தில்தான் விஷயம் இருந்தது. இறகு முளைக்காத குஞ்சு தரையில் கிடந்தால் அது விழுந்த குஞ்சு. கூட்டில் எடுத்து வைக்கலாம். இறகு முளைத்த குஞ்சு தரையில் உட்கார்ந்திருந்தால் அது பறக்கப் பழகுகிற குஞ்சு. தாயும் தகப்பனும் மேலிருந்து காவல் பார்த்துக்கொண்டு கீழேயே வந்து ஊட்டும். பூனை, நாய் இருந்தால் பக்கத்தில் ஒரு கிளையில் ஏற்றிவிட்டால் போதும். வீட்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள். இந்தக் கடைசி வரியை அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாள். என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது.

மனைவியிடம் காட்டினேன். "படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். "இப்பவே கொண்டு போயி விடுங்க."

இருட்டிவிட்டது, காலையில் விடலாம் என்றேன். காலையில் உசிலம்பட்டியில் இருந்து அக்காவும் மச்சானும் வருவதற்குள் வாழை இலை, கறி, பூ என்று ஆயிரம் வேலை. குஞ்சைக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் அம்மா உட்கார்ந்திருக்கும் முன்னறை வழியாகத்தான் வர வேண்டும். படையல் முடியட்டும், எல்லோரும் உண்ட மயக்கத்தில் படுத்ததும் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால், தப்பு செய்துவிட்டேன் என்று அம்மா முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதிலும் அது போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மச்சான் பைக்கில் அக்காவை உட்காரவைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். உசிலம்பட்டியில் போட்ட ஹெல்மெட்டை எங்கள் வாசல்வரை கழற்றவில்லை. முந்தின நாளில் இருந்து ஹெல்மெட் போட்ட உருவத்தை எதிரி என்று மனப்பாடம் செய்திருந்த காக்கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. அவர் பயந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். கழற்றிய தலையில் மூன்றாவது அடி விழுந்தது.

"என்ன மாப்ள, ஒங்க ஊரு காக்காவுக்கெல்லாம் என்ன கேடு? வீட்டுக்கு வந்த மருமகன இப்பிடியா வரவேப்பாக?"

"வெயில் மச்சான்" என்றேன்.

பன்னிரண்டரைக்குப் படையல். அப்பா படத்துக்கு மாலை, எலும்புக் குழம்பு, ஈரல், முட்டை, பருப்பு வடை, வெற்றிலை. ஒரு வருடத்துக்குப் பிறகு வீட்டில் கறி வாசம். மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாமி கும்பிட்டார். அம்மா காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. தன் கையால் சோற்றைப் பிசைந்து, ஒரு நல்ல நெஞ்செலும்பாகப் பார்த்து மேலே வைத்து, இலையைத் துவைக்கிற கல் மேல் வைத்தாள். கொய்யா மர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "கா, கா" என்று கூப்பிட்டாள்.

வேம்பில் இரண்டும், கரண்ட் கம்பியில் பத்துப் பதினைந்தும் இருந்தன. எல்லாம் எங்களைப் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை.

அக்கா கூப்பிட்டாள். மனைவி கூப்பிட்டாள். மச்சான் அடிவயிற்றில் இருந்து கூப்பிட்டார். காக்கையை விட நன்றாகவே கூப்பிட்டார். பசி வந்தால் மனிதனுக்கு எல்லா வித்தையும் வரும். நான் கூப்பிடாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பாவுக்குப் பீடி வைக்க மறந்துவிட்டோம், அதனால்தான் வரவில்லை என்றாள் அக்கா. மச்சான் ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கி வந்து வைத்தார். வரவில்லை. பீடி இருந்தால் தீப்பெட்டி வேண்டாமா என்றார். அதையும் வைத்தோம். ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. குழம்பின் மேல் எண்ணெய் ஆடை கட்டியது. "அடுத்த தெருவுல போயி வச்சுப் பாப்பமா? அங்க உள்ள காக்கா வேற ஆளு" என்றார் மச்சான். அக்கா முறைத்தாள்.

அம்மா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். முந்தானையை மடியில் வைத்து விரலால் மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஒரு வருசம் ஆகியும் தீரலயே. அம்புட்டுக் கோவமா?"

அக்கா அழுதுவிட்டாள். மனைவி கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கூசிப்போனது. எதற்கு ஆசைப்பட்டு ஒரு வருடம் அம்மா நாக்கைக் கட்டிக் கிடந்தாளோ, அதில் நான் மண்ணைப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டுக்குள் தலையை ஒளித்துக்கொண்டு திரிகிறேன். அந்த நேரம் மாடியில் இருந்து குஞ்சு கத்தியது. மரத்தில் இருந்த இரண்டும் மாடியைப் பார்த்துக் கத்தின.

"அம்மா, அப்பாவுக்குக் கோவம் இல்ல" என்றேன். "காக்காவுக்குத்தான் கோவம். எம்மேல."

விடுவிடுவென்று மாடிக்குப் போய்க் கூடையோடு இறங்கி, அவள் மடிக்கு நேராகக் கீழே வைத்தேன். வெள்ளிக்கிழமையில் இருந்து நடந்ததைச் சொன்னேன். வீடியோவையும் விட்டுவைக்கவில்லை. மச்சான் தன் தலையைத் தடவிக்கொண்டு, "அப்ப அது வெயில் இல்லயா மாப்ள?" என்றார்.

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். சனி என்பாள், பரிகாரம் என்பாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து கூடைக்குள் பார்த்தாள்.

"என்ன குடுத்த இதுக்கு?"

"முட்ட. அவிச்ச முட்ட."

"உப்பு?"

"போடல. உப்பு ஆகாதுன்னு சொன்னாங்க."

"ரெண்டு நாளும் அதேதானா?"

"பருப்பும் குடுத்தேன். அதுலயும் போடல."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்கப்பனுக்கு நான் போட்ட மாதிரியே போட்டிருக்க" என்றாள்.

முதலில் சிரித்தது மனைவிதான். பிறகு அழுதுகொண்டிருந்த அக்கா. அம்மாவும் சிரித்தாள், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குஞ்சு அவள் முகத்தைப் பார்த்துத் தொண்டை தெரிய வாயைத் திறந்தது. அவள் எட்டி, படையல் இலையில் இருந்து ஒரு துணுக்குக் கறியைப் பிய்த்து, மிளகாய் போக விரலால் துடைத்து அதன் வாயில் வைத்தாள். விழுங்கியது. மறுபடி திறந்தது. மறுபடி வைத்தாள்.

"மாப்ள, காக்கா எடுத்துருச்சு" என்றார் மச்சான். "எலயப் போடலாம்ல?"

"அது தானா எடுக்கல. அம்மா ஊட்டுனாக. செல்லாது" என்றாள் அக்கா.

"குஞ்சும் காக்காதான? ஊட்டி விட்டா இன்னும் விசேசம்."

இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அம்மா மெதுவாக, குஞ்சிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். "இது வாயத் தொறந்து கேக்குது பாரு. அவரு ஒரு வாட்டி கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. இன்னொரு வாட்டி கேட்டிருந்தா, திட்டிக்கிட்டாவது வச்சுக் குடுத்திருக்க மாட்டேனா."

அங்கேயே நின்றால் அழுதுவிடுவேன் என்று நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கொய்யாவுக்குப் போனேன். பூனை ஏற முடியாத கிளையாகப் பார்த்துக் குஞ்சை ஏற்றிவிட்டேன். ஹெல்மெட் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. இரண்டும் வந்து இரண்டு அடி கொடுத்தன. வாங்கிக்கொண்டேன். நான் கதவுவரை பின்வாங்கியதும் ஒன்று குஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைக் கோதியது. இன்னொன்று துவைக்கிற கல்லில் இறங்கி, பீடியைத் தள்ளிவிட்டு, நெஞ்செலும்பை எடுத்துக்கொண்டு போனது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதை யாரும் தொடக் கூடாது என்பதையும் அந்தப் பழமொழியில் சேர்த்துச் சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

குஞ்சு நாலே நாளில் பறந்துவிட்டது. என் மேல் உள்ள பகை மட்டும் ஆடி முடியும்வரை தீரவில்லை. எட்டாம் வகுப்பில் பறவைகள் பாடம் வரும்போது இப்போதெல்லாம் கொஞ்சம் பணிவாகப் பேசுகிறேன்.

அன்றைய சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். காக்கை எலும்பை எடுத்ததும் எல்லோரும் அம்மாவைத்தான் பார்த்தோம். அழுவாள், கும்பிடுவாள், ஏதாவது சொல்வாள் என்று இருந்தோம். அவள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, "சரி, எலயப் போடுங்க. பசிக்குது" என்றாள். உட்கார்ந்ததும், முதல் கவளத்தை உருட்டிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் இலையைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கு நானும்தான் சாப்பிடல. அவரு தட்டத் தள்ளிட்டாரேன்னு நானும் அப்பிடியே படுத்துட்டேன்."

ஒரு வருடமாக அப்பா பட்டினியாகப் போனதையே எல்லோரும் பேசினோம். அந்த வீட்டில் அன்று இன்னொருத்தி சாப்பிட்டாளா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மச்சான் கூட மெல்லுவதை நிறுத்தினார். அம்மாவுக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு. அவள் தட்டில் விழுகிற உப்பை நான்தான் அளந்து போட்டு வருகிறேன். இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, குழம்பில் உப்பு பத்தவில்லை என்று கையை நீட்டினாள். நான் எழுந்து போய் ஜாடியை எடுத்து வந்து கொடுத்தேன்.